பிஸ்கட் ரின்னில் வந்த தோட்டாக்கள்

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி இப்போதைய முதலாளி கேட்டார். துவக்கென்றாலும் துப்பாக்கியென்றாலும் அதை எப்படித் துடைப்பது, லைசன்ஸை எப்படிச் சரிபார்ப்பது என்பதையெல்லாம் என்னைவிட வடிவாகச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கவுண்டருக்கு முன்னால் நிற்கிற மனிதரைப் பற்றித்தான். நீளமாகப் போனால் மிச்சத்தைத் தேநீர் இடைவேளையில் வாசியுங்கள். வாடிக்கையாளர் நிற்கும்போது மட்டும் வாசிக்க வேண்டாம். அது எனக்குப் பிடிக்காது.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்த நான் கிழக்கு லண்டனில் ஒரு துவக்குக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன் என்றால் சொந்தக்காரர் யார்தான் நம்புவார்கள்? என் மனைவி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். கேட்பவர்களிடம் “அவருக்கு ஸ்போர்ட்ஸ் கடையில் வேலை” என்று சொல்லிவிடுவாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதன் பிறகு கோடை விடுமுறை வந்தால் போதும், யாராவது ஒருவர் பிள்ளைக்கு பட்மின்டன் மட்டை மலிவாக எடுத்துத் தரச்சொல்லி ரெலிபோன் எடுப்பார். நான் வேறு கடையில் முழு விலைக்கு வாங்கி, கழிவு விலை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். குடும்ப மானம் என்றால் சும்மாவா?

நான் சொல்லப் போவது தோட்டாத் தட்டுப்பாடு வந்த காலத்துக் கதை. ஈயம் விலையேறிவிட்டது என்றார்கள், வெடிமருந்து கிடைக்கவில்லை என்றார்கள், கப்பல் வரவில்லை என்றார்கள். காரணம் கேட்டால் மொத்த வியாபாரிகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒவ்வொரு தடவை சரக்கு வரும்போதும் விலைச்சீட்டை மாற்றுவதே என் வேலையாகிவிட்டது. பழைய சீட்டை உரிக்கப் பொறுமையில்லாமல் அதன் மேலேயே புதியதை ஒட்டுவேன். கடைத் தட்டின் விளிம்பே தடித்துப் போயிற்று.

அப்போதைய முதலாளி ஓர் ஆங்கிலக் கிழவர். அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் ஒருவன் ஒரு வான் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, கடையில் இருக்கிற பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடும் தோட்டாக்கள் முழுவதையும் என்ன விலை சொன்னாலும் வாங்குவதாகச் சொன்னான். எனக்கு வாயெல்லாம் பல். முதலாளி அவனிடம் இந்த மாதம் எத்தனை பெட்டி சுடுவாய் என்று மட்டும் கேட்டார். அவன் சொன்னதை எடுத்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மற்றவர்களுக்கு வைக்க வேண்டும் என்றார். அவன் கத்திவிட்டுப் போனான். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்டேன். பயந்து வாங்குகிறவனுக்கு விற்பது சுலபம், ஆனால் பயம் தெளிந்த பிறகும் அவன் நம்மிடம்தானே வரவேண்டும் என்றார். அவன் திரும்பி வந்தான். இன்றைக்கும் உங்கள் கடைக்கு வருகிறான். மீசை வைத்திருப்பான், நன்றாகக் கவனியுங்கள்.

விலை ஏற ஏறப் பொறுமை இழந்தவர்கள் பலர். அவர்களில் மிகச் சந்தோஷமாகப் பொறுமை இழந்தவர் சுவிஸ் அண்ணை. சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துவிட்டது. ஊரை விட்டு வந்து சுவிற்சர்லாந்தில் ஒரு சின்னக் கிராமத்தில் நெடுங்காலம் இருந்தவர். அந்த ஊர்க்காரர்களோடு சேர வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் துவக்குச் சூட்டு மைதானத்துக்குப் போக வேண்டுமாம். அங்கே தொற்றியது இந்த நோய். பிறகு பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டன் வந்து, செவன் கிங்ஸில் வீடு வாங்கி, ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை போட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, ரொம்ஃபோர்ட் தாண்டி இருக்கும் எங்கள் கிளப் மைதானத்துக்கு மகளோடு வந்துவிடுவார். நானும் ஞாயிறுகளில் அங்கே சுடுகிறவர்களின் பாதுகாப்பைக் கவனிக்க நிற்பவன் என்பதால் அவர்களைத் தவறாமல் காண்பேன்.

மகள் தர்ஷினி கவுன்சிலில் வேலை பார்க்கிறாள். பறக்கிற களிமண் தட்டை அவள் அடிக்கிற அழகைப் பார்க்க வேண்டும். துவக்கைத் தூக்குவதும் கண்ணுக்குத் தெரியாது, இறக்குவதும் தெரியாது. தட்டு மட்டும் தூளாகிப் போயிருக்கும். அந்த வருடம் கவுண்டி அணிக்கு, அதாவது மாவட்ட அணிக்கு, ஆள் தெரிவு செய்வதாக அறிவித்தார்கள். அதற்கு அவள் பழக வேண்டும். பழகத் தோட்டா வேண்டும். தோட்டா விற்ற விலையில் அவள் வாரத்துக்கு வாரம் பழக்கத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். தகப்பனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. யாரிடமோ பழைய யந்திரம் ஒன்றை வாங்கி, வீட்டுக் கராஜில் வைத்து, சுட்டு மிஞ்சிய வெறுங்கோதுகளில் வெடிமருந்தும் ஈயமும் போட்டுத் தானே தோட்டா நிரப்பத் தொடங்கினார்.

வீட்டில் தோட்டா நிரப்புவது இந்த நாட்டில் குற்றமல்ல. பலர் செய்கிறார்கள், கவனமாகவே செய்கிறார்கள். புத்தகத்தில் சொன்னதை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றுகிறவர்கள் அவர்கள். சுவிஸ் அண்ணை அந்தச் சாதியில்லை. அவர் சந்தோஷத்தில் செய்கிறவர். தனக்கும் மகளுக்கும் மட்டும் செய்து மனம் நிறையாமல், கடையில் நத்தார் பண்டிகைக்கு விற்று மிஞ்சிய தகர பிஸ்கட் ரின்களில் அடுக்கி, கிளப்பில் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் கொடுக்கத் தொடங்கினார். மூடியில் பனியும் மான்களும். உள்ளே தோட்டா.

எனக்கும் ஒரு ரின் வந்தது. கவுண்டரில் கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. வேறை ஆள் நிரப்பின தோட்டாவை நான் என்ரை துவக்கிலை போடுறேல்லை. தெரிவுக்கு நிக்கிற பிள்ளைக்கும் இதைக் குடாதேங்கோ” என்றேன்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. குணத்துக்குக் கொடுத்தேன், பீட்டருக்குக் கொடுத்தேன், எல்லோரும் அருமை அருமை என்கிறார்கள், உமக்கு மட்டும்தான் நோய் என்று சொல்லி ரின்னைத் தூக்கிக்கொண்டு போனார். குணம் பிரான்சிலிருந்து வந்து இல்ஃபோர்டில் பேக்கரி நடத்துபவர். பீட்டர் வால்தம்ஸ்டோவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கிலேய வாத்தியார். இருவரும் கிளப்பில் மூத்தவர்கள். அவர்களே புகழ்கிறார்கள் என்றால் என் சொல் எங்கே எடுபடும்? அதன் பிறகு சில கிழமைகள் சுவிஸ் அண்ணை என்னோடு கதைக்கவில்லை. மைதானத்தில் எதிர்ப்பட்டால் வானத்தைப் பார்ப்பார். லண்டன் வானத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

இதை ஞாபகத்தில் வைத்திருங்கள். கவுண்டரில் நீங்கள் ‘இல்லை’ சொன்னால் ஆட்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். கோபம் வந்தவன் முழுக் கையோடும் முழுக் கண்ணோடும் வீட்டுக்குப் போவான். ஒரு நாள் திரும்பியும் வருவான்.

தெரிவுக்கு முந்தின ஞாயிறு. நல்ல வெயில். மைதானத்தில் எல்லோரும் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். தர்ஷினி சுடும் இடத்தில் நின்றாள். பக்கத்தில் தகப்பன் பிஸ்கட் ரின்னைத் திறந்து வைத்துக்கொண்டு, வெற்றிலைத் தட்டு நீட்டுவதைப் போல ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னை அவர் பார்க்கவில்லை. நானும் மற்றப் பக்கம் திரும்பித்தான் நின்றேன்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. ‘டமார்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘புஸ்’ என்று வந்தது. தட்டு ஒரு கீறலும் இல்லாமல் பறந்துபோய்ப் புல்லில் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். தர்ஷினியும் சிரித்தாள். துவக்கைத் திறந்து வெறுங்கோதை எடுத்தாள். தகப்பன் அடுத்ததை நீட்டினார்.

வெடிச் சத்தங்களில் வித்தியாசம் பிடிக்கிற காது எனக்கு ஊரிலேயே வந்துவிட்டது. அதைக் கொண்டு இந்த நாட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். அன்றைக்குத் தெரிந்தது. “ஸ்டொப்” என்று நான் போட்ட சத்தத்தில் மைதானம் முழுவதும் துவக்குகளைத் திறந்து கீழே பிடித்தது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். தோட்டா பாதி உள்ளே போயிருந்தது.

அதை எடுத்துவிட்டு, திறந்த துவக்கின் பின்பக்கத்தால் குழலுக்குள் பார்த்தேன். இரண்டு குழல் உள்ள துவக்கு. மேல் குழலில் வட்டமாக வானம் தெரிந்தது. கீழ்க் குழலில் தெரியவில்லை. வெடிமருந்துக்கும் ஈயக் குண்டுகளுக்கும் நடுவே வைக்கிற பிளாஸ்டிக் தக்கை பாதிவழியில் இறுகி நின்றது. அடைபட்ட குழலுக்குப் பின்னாலிருந்து அடுத்த தோட்டா வெடித்திருந்தால் குழல் கிழிந்திருக்கும். அவளுடைய இடக்கை அந்த இடத்தில்தான் இருந்தது. தர்ஷினியிடம் குழலைக் காட்டினேன். பிள்ளை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சுவிஸ் அண்ணைக்கும் நிறம் மாறிவிட்டது. ஆனால் மனிதர் லேசில் விடுகிற ஆளில்லை. ஒன்றுதான் பிழையாய்ப் போனது, மிச்சத்தை ஏன் எறிய வேண்டும், கடையில் என்ன விலை விற்கிறதென்று உமக்குத் தெரியாதா என்று தொடங்கினார். சுற்றிவர ஆட்கள் நிற்கிறார்கள். பிழை செய்தவர் என்று பெயர் வாங்க யாருக்குத்தான் விருப்பம்? இந்த இடத்தில் விஞ்ஞானம் பேசினால் அவர் வாதம் செய்வார். அதட்டினால் ரின்னைத் தூக்கிக்கொண்டு போய் நாளைக்கு வேறு இடத்தில் சுடுவார். நான் ரின்னை அவர் முன்னால் பிடித்தேன்.

“அண்ணை, நீங்கள் சொல்லுறது சரியாவும் இருக்கலாம். இதுக்குள்ளை நல்லது ஒண்டை நீங்களே எடுத்து இவளின்ரை கையிலை குடுங்கோ. நான் தடுக்கேல்லை.”

அவர் கையை ரின்னுக்குள் விட்டார். ஒன்றைத் தொட்டார். விட்டுவிட்டு வேறொன்றைத் தொட்டார். எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே பளபளப்பு. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதுதான் அதில் உள்ள ஆபத்து. கை ரின்னுக்குள்ளேயே நின்றது. பிறகு வெறுங்கையாக வெளியே வந்தது.

“ஏலாது தம்பி” என்றார்.

பிறகுதான் என்ன செய்தார் என்பது வெளியே வந்தது. நமது சமையலறைகள் உங்களுக்குத் தெரியும். போத்தலில் ஒட்டியிருக்கிற பெயரை நம்பி நம் வீடுகளில் யாரும் எதையும் எடுப்பதில்லை. மிளகாய்த்தூள் அடியில் கொஞ்சம் இருக்கும்போதே புதியதை மேலே கொட்டிக் கலந்துவிடுவோம். சுவிஸ் அண்ணையும் கராஜில் அதைத்தான் செய்திருக்கிறார். வெடிமருந்து வந்த டப்பா நெளிந்துபோயிருந்ததாம். அதனால் வடிவான ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்து அதில் கொட்டினாராம். அது முடியும் தறுவாயில், தட்டுப்பாட்டில் அதே மருந்து கிடைக்காமல், யாரிடமோ இருந்த வேறொரு மருந்தை வாங்கி அதன் மேலேயே கொட்டியிருக்கிறார். ஒன்று மெல்ல எரிவது, மற்றது சட்டென்று எரிவது. ஒரு தோட்டாவில் எது எவ்வளவு போயிற்று என்பது கடவுளுக்குத்தான் தெரியும். ஒன்று ‘புஸ்’ என்னும். இன்னொன்று துவக்கையே பிளக்கும்.

எனக்கு அப்போதுதான் மற்ற ரின்கள் ஞாபகத்துக்கு வந்தன. கிழக்கு லண்டன் முழுவதும் பனியும் மான்களும் போட்ட ரின்கள் கிடக்கின்றன. பலர் அன்றைக்கு மைதானத்துக்கு வரவில்லை. பீட்டர் ஞாயிறு பின்னேரங்களில் நண்பர் ஒருவரின் பண்ணைக்குச் சுடப் போகிறவர். ரெலிபோன் எடுத்தால் அடித்துக்கொண்டே இருந்தது. தர்ஷினியை மற்றவர்களுக்கு ரெலிபோன் எடுக்கச் சொல்லிவிட்டு, நானும் சுவிஸ் அண்ணையும் அவருடைய வான் வண்டியில் ஏறி வால்தம்ஸ்டோவுக்குப் பறந்தோம். பறந்தோம் என்பது பேச்சுக்கு. எப்போதும் நெரிசலான நோர்த் சர்க்குலர் வீதியில் யார்தான் பறந்தார்கள்? மனிதர் வழி முழுவதும் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டும் முன்னால் போகும் கார்களைத் திட்டிக்கொண்டும் வந்தார். இரண்டையும் ஒரே மூச்சில் செய்தார்.

பீட்டர் தோட்டத்தில் ரோசாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சுவிஸ் அண்ணை ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டு, கண், காது, விரல் எல்லாவற்றையும் சரிபார்த்தார். ஆங்கிலேயர் பயந்தே போனார். நான் விஷயத்தைச் சொல்லி ரின்னைக் கேட்டேன். பீட்டர் காதுவரை சிவந்தார். உள்ளே போய் மாடிப்படிக்குக் கீழே குனிந்து ரின்னை எடுத்து வந்தார். ஒன்றல்ல, மூன்று. மூன்றும் வந்தபடியே ஒட்டுநாடா ஒட்டி இருந்தன.

அவர் மிகவும் தயங்கித் தயங்கிச் சொன்னது இதுதான்: பிறர் நிரப்பிய தோட்டாவைத் தான் ஒருநாளும் சுடுவதில்லை. ஆனால் இவ்வளவு அன்பாகக் கொண்டுவந்து தருகிற மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? ஆகவே அருமை என்று சொல்லிவிட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்தாராம். அடுத்த ரின் வரும்போது இன்னும் அருமை என்று சொன்னாராம்.

சுவிஸ் அண்ணை மூன்று ரின்களையும் தூக்கி வண்டிக்குள் வைத்தார். வானில் ஏறினோம். அங்கிருந்து இல்ஃபோர்டில் குணத்தின் வீடு. குணம் ரெலிபோனில் விஷயத்தைக் கேட்டு, ரின்களோடு வாசலிலேயே நின்றார். அவற்றிலும் ஒட்டுநாடா உரிக்கப்படவில்லை.

“அண்ணை, கோவிக்கப்படாது. நீங்கள் ஆசையாத் தந்தது, வேண்டாமெண்டு சொல்ல வாய் வரேல்லை. மனிசி கராஜுக்கை வைக்கவும் விடேல்லை. ஷெட்டுக்கை ஒளிச்சு வைச்சிருந்தனான்” என்றார்.

அதற்குள் தர்ஷினியின் ரெலிபோன் வந்தது. மற்றவர்களும் அப்படியேதானாம். ஒருவர் அலுமாரிக்கு மேலே வைத்திருந்தார். ஒருவர் வாங்கின அன்றே பத்திரமாக அழிக்கச் சொல்லிக் கிளப்பில் கொடுத்துவிட்டு, வெறும் ரின்னில் மகளின் தையல் சாமான்களைப் போட்டு வைத்திருந்தார். ஊர் முழுவதும் புகழ்ந்த தோட்டாவை ஊரில் ஒரு சீவன் சுடவில்லை.

சுவிஸ் அண்ணை குணத்தின் வாசற்படியில் குந்தினார். அழப் போகிறார் என்று நினைத்தேன். மனிதர் சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு மூச்சுக்கு இழுத்து இழுத்துச் சிரித்தார். “எல்லாரும் சேந்து என்னை ஏமாத்திப் பேக்காட்டியிருக்கிறியள்” என்றார். குணமும் சிரித்தார், நானும் சிரித்தேன். உள்ளே இருந்து குணத்தின் மனைவி பேக்கரி ரோல்ஸோடு வந்து, என்ன விசர்க் கூத்து இது என்று கேட்டாள். விளக்கிச் சொல்ல ஒருவருக்கும் மூச்சு இருக்கவில்லை. ரின்களை முறைப்படி அழிப்பதற்கு ஒப்படைத்தோம். யந்திரத்தையும் ஊறுகாய்ப் போத்தலையும் அவரே விட்டுவிட்டார். திங்கட்கிழமை கடைக்கு வந்து, அன்றைய விலைக்கு மகளுக்குப் பெட்டித் தோட்டா வாங்கினார். என்னோடு கதைத்தார். அதிகமாகவே கதைத்தார்; எனக்கு மற்ற வாடிக்கையாளரைக் கவனிக்க முடியவில்லை.

இதை வைத்து நீங்கள் என்ன படிக்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. தட்டுப்பாடு திரும்பவும் வரும், விலை ஏறும், கராஜ்களில் யந்திரங்கள் முளைக்கும். அப்போது ஆசையாக நீட்டப்படுகிற ரின்னை மரியாதைக்கு வாங்கி ஒளித்து வைக்காதீர்கள். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லுங்கள். அத்தனை பேரும் மரியாதைக்காகச் சொன்ன பொய்தான் அந்தப் பிள்ளையின் கைவரைக்கும் போனது. ஒரேயொருவர் என்னோடு சேர்ந்து சொல்லியிருந்தால் சுவிஸ் அண்ணை முனகிக்கொண்டாவது நிறுத்தியிருப்பார்.

அடுத்த ஞாயிறு தெரிவு நடந்தது. தர்ஷினி அணிக்கு எடுபட்டாள். பீட்டர் தொப்பியைக் கழற்றி எறிந்தார். குணம் கேக் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் கைகொடுத்து, தட்டிக்கொடுத்து, படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் சுவிஸ் அண்ணை மகளைப் பார்த்துப் பகிடியாகக் கேட்டார்.

“ஊரிலை இருக்கிறவையெல்லாம் நான் குடுத்த தோட்டாவை ஒளிச்சு வைச்சிருக்கினம். நீ ஒராள்தான் முழுக்க அடிச்சனி. உனக்கு மட்டும் ஒரு சந்தேகமும் வரேல்லையோ, பிள்ளை?”

அவள் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே, அது ஒரு கேள்வியா என்பது போலச் சொன்னாள்.

“நீங்கள் செய்து தந்தது தானே அப்பா.”

சிரித்துக்கொண்டிருந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு அவளுடைய இடக்கையை எடுத்து, எல்லோருக்கும் முன்னால், இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். படம் எடுக்கிறவர்கள் இந்தப் பக்கம் பாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் கையை விடவில்லை.